பேக்கப் மென்பொருளைப் பழைய பதிப்புக்கு மாற்றியதும் வரும் டிரைவர் பிழைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுப் பதிப்புக்குச் சந்தா கட்ட மனமில்லை, பழகிய வசதி ஒன்று அதில் காணவில்லை, இருக்கிற உரிமம் பழைய பதிப்புக்குத்தான் செல்லும். காரணம் எதுவானாலும் பேக்கப் மென்பொருளைப் பழைய பதிப்புக்கு மாற்றுகிறவர்கள் நிறையப் பேர். நிறுவல் வெற்றிகரமாக முடிந்தது என்று செய்தி வரும். கணினியை ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் தொல்லை தலைகாட்டும்: கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், 'டிரைவர் ஏறவில்லை' என்ற அறிவிப்பு, பேக்கப் பாதியிலேயே நிற்பது, சில சமயம் விண்டோஸே எழாமல் போவது.

இந்தப் பக்கம் விண்டோஸ் 10, 11 கணினிகளில் டிஸ்க் முழுவதையும் இமேஜாக, அதாவது ஃபைல் வடிவில் முழு நகலாக, எடுக்கும் மென்பொருள்களைப் பற்றியது. அக்ரோனிஸ் ட்ரூ இமேஜ், மேக்ரியம் ரிஃப்ளெக்ட் ஆகியவை இந்த வகை. ஃபைல்களை மட்டும் நகலெடுக்கும் சின்ன மென்பொருள்களுக்குப் பெரும்பாலும் டிரைவரே கிடையாது. அவற்றில் இந்தத் தொல்லையும் வராது.

பேக்கப் எடுக்கும் மென்பொருளுக்கு டிரைவர் எதற்கு? டிரைவர் என்றால் பிரின்டர், கிராபிக்ஸ் கார்டு போன்றவற்றுக்குத்தானே?

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கைப் படியெடுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஃபைல்கள் திறந்திருக்கும், மாறிக்கொண்டும் இருக்கும். ஒரு கணத்தை அப்படியே நிறுத்திப் படியெடுக்க, விண்டோஸிலேயே உள்ள வால்யூம் ஷேடோ காப்பி என்ற சேவை உதவும். சில மென்பொருள்கள் இதற்குச் சொந்த டிரைவரும் வைத்திருக்கின்றன. இதைத் தவிர இன்னும் மூன்று வேலைகளுக்கு டிரைவர் தேவைப்படலாம். போன பேக்கப்புக்குப் பிறகு டிஸ்க்கில் எந்தெந்தப் பகுதி மாறியது என்று குறித்துவைப்பது ஒன்று. பேக்கப் இமேஜை ஒரு டிரைவ் எழுத்தோடு திறந்து காட்டுவது இன்னொன்று. பேக்கப் ஃபைல்களை ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய நிரல்) தொடாமல் காப்பது மூன்றாவது.

அக்ரோனிஸில் ஸ்னாப்மேன், எஃப்எல்டிஎஸ்ஆர்வி, டிடிஆர்பிமேன், டிப் என்ற பெயர்களைப் பார்க்கலாம். மேக்ரியத்தில் மாற்றங்களைக் குறிப்பது எம்ஆர்சிபிடி, இமேஜைத் திறந்து காட்டுவது பிஎஸ்மவுன்டர்இஎக்ஸ், காவலுக்கு நிற்பது எம்ஆர்ஐஜிஎஃப்எல்டி. இவற்றில் பல, விண்டோஸுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் அமரும் ஃபில்டர் டிரைவர்கள். நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு ஃபைலும் இவற்றைக் கடந்துதான் டிஸ்க்கைச் சேர்கிறது. அதனால்தான் இங்கே ஒரு சின்னப் பிசகு நடந்தாலும் டிஸ்க்கே தெரியாமல் போகிறது.

பழைய பதிப்பைத்தான் நிறுவினேன். டிரைவர் மட்டும் ஏன் புதியதாகவே இருக்கிறது?

மொத்தச் சிக்கலுக்கும் வேர் இதுதான். விண்டோஸில் இரண்டு விதிகள் உண்டு, இரண்டுமே புதியதன் பக்கம் சாய்பவை.

முதல் விதி விண்டோஸ் இன்ஸ்டாலருடையது. ஒரே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்து, அதன் பதிப்பு எண் உயர்ந்ததாக இருந்தால், வழக்கமான அமைப்பில் இன்ஸ்டாலர் பழைய ஃபைலை அதன் மேல் எழுதாது. நிரல் பழையதாகிவிடும், டிரைவர் புதியதாகவே நிற்கும். இரண்டாவது விதி, சாதனங்களுக்கு டிரைவர் பொருத்தும் பிளக் அண்ட் பிளேயுடையது. டிரைவர் ஸ்டோர் என்ற கிடங்கில் ஒரே சாதனத்துக்குப் பொருந்தும் இரண்டு டிரைவர்கள் சம தகுதியோடு இருந்தால், தேதி பிந்தியதை விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். தேதியும் ஒன்றானால் பதிப்பு எண் உயர்ந்ததை எடுக்கும்.

ஆக, பழைய நிரல் ஒரு மொழியில் கேட்கிறது, புதிய டிரைவர் வேறு மொழியில் பதில் சொல்கிறது. பழையதை எத்தனை தடவை நிறுவினாலும் இது மாறாது. புதிய டிரைவர் முழுவதும் வெளியேறிய பிறகுதான் பழையது உள்ளே வரும். 'நிறுவிப் பார்த்தேன், மறுபடி நிறுவிப் பார்த்தேன்' என்று சோர்ந்து போகிறவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் இது.

டிவைஸ் மேனேஜரில் வரும் எண்களுக்கு என்ன பொருள்?

சாதனத்தின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் திறந்தால் ஜெனரல் தாவலில் கோட் எண் இருக்கும். பேக்கப் மென்பொருள் விவகாரத்தில் அடிக்கடி வருபவை இவை.

கோட் 39 வந்தால் டிரைவர் ஃபைல் இல்லை அல்லது கெட்டுவிட்டது. பாதி நீக்கப்பட்ட பதிப்புகளில் முதலில் வருவது இதுதான். கோட் 19 ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) உள்ள விவரம் குறைபட்டதாகச் சொல்கிறது; கீழே விளக்கும் ஃபில்டர் பட்டியலில் பழைய பெயர் தங்கிப்போனதற்கான அறிகுறி. கோட் 31, சாதனத்துக்கு வேண்டிய டிரைவரை விண்டோஸால் ஏற்ற முடியவில்லை. கோட் 38, அதே டிரைவரின் முந்தைய பிரதி இன்னும் நினைவகத்தில் இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தாலே இது பெரும்பாலும் போய்விடும். கோட் 48, சிக்கல் உள்ளது என்று தெரிந்ததால் விண்டோஸே அந்த டிரைவரைத் தடுத்திருக்கிறது. கோட் 52, டிரைவர் யாருடையது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை.

19, 31, 38, 39 ஆகியவை மிச்சங்களால் வருபவை. சுத்தம் செய்தால் தீரும். 48, 52 இரண்டும் டிரைவரின் வயதால் வருபவை. எவ்வளவு சுத்தம் செய்தாலும் தீராது. வேலையைத் தொடங்கும் முன் உங்களுடையது எந்த வகை என்று பிரித்துக்கொண்டால் பாதி நாள் மிச்சமாகும்.

டிவைஸ் மேனேஜரில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனாலும் பேக்கப் ஓடவில்லை. எங்கே பார்ப்பது?

விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். அங்கே 7026 என்ற எண்ணைத் தேடுங்கள். கணினி எழும்போதே ஏற வேண்டிய எந்த டிரைவர்கள் ஏறவில்லை என்று அந்தப் பதிவு பெயரோடு சொல்லும். 7000 என்றால் ஒரு சேவை தொடங்கவில்லை. 219 என்றால் ஒரு சாதனத்தின் டிரைவர் ஏறவில்லை.

பெயர் கிடைத்ததும் சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ் என்று போய் அந்த ஃபைலின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து டீட்டெயில்ஸ் தாவலைப் பாருங்கள். பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கும். நிரல் பழைய ஆண்டுடையது, டிரைவர் பல ஆண்டுகள் பிந்தியது என்றால் வேறு ஆதாரம் தேவையில்லை. மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸ் கருவியும் நல்லது. அதன் டிரைவர்ஸ் தாவலில் எல்லா டிரைவர்களும் நிறுவனப் பெயரோடு வரிசையாக நிற்கும். ஃபைல் இல்லாமல் பெயர் மட்டும் தங்கிய பதிவுகளையும் அது தனியாகக் காட்டும்.

கை வைக்கும் முன் என்ன செய்துகொள்ள வேண்டும்?

முக்கியமான ஃபைல்களை வேறொரு டிஸ்க்குக்குச் சாதாரணமாக, கையாலேயே நகலெடுத்து வையுங்கள். பேக்கப் மென்பொருளே நம்ப முடியாத நிலையில் இருக்கும்போது, அது எடுத்துத் தந்த பேக்கப்பை மட்டும் நம்பி டிஸ்க் டிரைவர்களில் கை வைக்கக் கூடாது. இதில் சமரசம் வேண்டாம்.

பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிக் காக்கும் விண்டோஸ் வசதி) இயங்கும் கணினியானால் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்திலோ வேறு சாதனத்திலோ எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸ் எழாதபோது பழுது பார்க்க உதவும் மீட்புச் சூழலுக்குள் போனால் அதைக் கேட்கும். விண்டோஸ் நிறுவும் யுஎஸ்பி ஒன்றும் தயாராக இருக்கட்டும். விண்டோஸின் அமைப்புகளை இன்றைய நிலைக்குத் திருப்ப உதவும் ரீஸ்டோர் பாயின்ட் ஒன்று உருவாக்குங்கள். பேக்கப் மென்பொருளில் நீங்கள் அமைத்த கால அட்டவணை, எந்த ஃபோல்டர்கள், எங்கே சேமிப்பது போன்ற அமைப்புகளை ஏற்றுமதி செய்யும் வசதி இருந்தால் செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரையைப் படமெடுத்து வையுங்கள். சுத்தம் செய்யும்போது அவை எல்லாம் போய்விடும்.

சரி, புதிய பதிப்பை மிச்சமில்லாமல் நீக்குவது எப்படி?

திறந்து வைத்திருக்கும் பேக்கப் இமேஜ் டிரைவ்களை எல்லாம் முதலில் மூடுங்கள். பேக்கப் ஃபைல்களுக்கான காவல் வசதியையும் அணைத்துவிடுங்கள். பிறகு செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டால்.

புதியதை நீக்காமலே அதன் மேல் பழையதை நிறுவிவிட்டீர்கள் என்றால் ஒரு சுற்று வழி இருக்கிறது, நன்றாகவே பலிக்கும். பழையதை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். புதிய பதிப்பை முழுமையாக மறுபடி நிறுவி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு அந்தப் புதிய பதிப்பின் அன்இன்ஸ்டாலரைக் கொண்டே அதை நீக்குங்கள். தான் வைத்த டிரைவர்கள் எவை, அவற்றின் பெயர் எந்தெந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது அந்த அன்இன்ஸ்டாலருக்குத்தான் தெரியும். பழைய பதிப்பின் அன்இன்ஸ்டாலருக்குத் தனக்குப் பின்னால் வந்த டிரைவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. வேண்டாதது ஒன்றை மறுபடி நிறுவச் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். ரெஜிஸ்ட்ரியில் கையால் தோண்டுவதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பு.

தயாரிப்பாளரே தரும் க்ளீனப் கருவி இருந்தால் அடுத்து அதை ஓட்டுங்கள். அக்ரோனிஸுக்கு அப்படி ஒன்று உண்டு. உங்கள் பதிப்புக்கு ஏற்றதுதானா என்று அதன் விளக்கத்தைப் படித்துவிட்டு ஓட்டுவது நல்லது.

பிறகு டிவைஸ் மேனேஜரில் வியூ பட்டியலில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' தேர்ந்தெடுங்கள். மங்கலாகத் தெரியும் பதிவுகளில் அந்த மென்பொருளின் சாதனங்கள் இருந்தால் வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுங்கள். டிரைவரையும் சேர்த்து நீக்கவா என்று கேட்கும் சதுரத்தைக் குறிக்க மறக்காதீர்கள். அதைக் குறிக்காவிட்டால் டிரைவர் ஸ்டோரில் பிரதி அப்படியே இருக்கும், அடுத்த ரீஸ்டார்ட்டில் திரும்பி வரும்.

ஒவ்வொரு படியிலும் ரீஸ்டார்ட் கட்டாயமா? ஷட்டவுன் செய்து மறுபடி போட்டால் போதாதா?

போதாது. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் கெர்னலையும் (விண்டோஸின் மையப் பகுதி) டிரைவர்களையும் முழுதாக இறக்காமல், அவற்றின் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்து, அடுத்த முறை அதையே திரும்ப ஏற்றும். நீங்கள் நீக்கிய டிரைவர் இன்னும் நினைவகத்தில் உயிரோடு இருப்பது இப்படித்தான். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அன்இன்ஸ்டால் செய்த பிறகும் டிரைவர்ஸ் ஃபோல்டரில் அந்த ஃபைல் இருக்கிறது. அழித்துவிடலாமா?

உடனே அழிக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

டிஸ்க், வால்யூம் போன்ற ஒவ்வொரு சாதன வகைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற பெயரில் பட்டியல்கள் உண்டு. அந்த வகைச் சாதனம் எதைத் தொடங்கும்போதும் பட்டியலில் உள்ள டிரைவர்களையும் சேர்த்து ஏற்ற வேண்டும் என்பது விண்டோஸுக்கு இடப்பட்ட கட்டளை. பட்டியலில் பெயர் இருந்து ஃபைல் இல்லாமல் போனால் அந்த வகைச் சாதனம் ஒன்றும் தொடங்காது. டிஸ்க் வகையில் இது நடந்தால் விண்டோஸ் தன் சொந்த டிஸ்க்கையே பார்க்க முடியாமல் நீலத் திரையில் நிற்கும். 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்ற வாசகத்தோடு வரும் 7பி பிழை அதுதான்.

எனவே வரிசை முக்கியம். முதலில் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வேண்டும். பிறகு ரீஸ்டார்ட். கணினி ஒழுங்காக எழுந்தால் ரெஜிஸ்ட்ரியின் சர்வீசஸ் பகுதியில் அந்த டிரைவருக்கான பதிவை நீக்கலாம். மறுபடி ரீஸ்டார்ட். கடைசியில்தான் ஃபைல். அதையும் அழிக்காமல் பெயரை மாற்றி வைப்பது இன்னும் நல்லது. பட்டியலில் பெயர் இருக்கும்போது டிரைவரை முடக்கி வைப்பதும் வேண்டாம்.

அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது, எப்படித் திருத்துவது?

ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று இறங்குங்கள். அடைப்புக்குறிக்குள் நீண்ட எண்களாக ஏராளமான கிளைகள் இருக்கும். ஒவ்வொரு கிளையின் வலப்பக்கத்திலும் கிளாஸ் என்ற மதிப்பு, அது எந்த வகை என்பதைச் சொல்லும். நமக்கு வேண்டியவை டிஸ்க்டிரைவ், வால்யூம், சிடிராம் ஆகிய மூன்று. தொடும் முன் அந்தக் கிளையை வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள்.

இப்போது டிஸ்க்டிரைவ் கிளையில் அப்பர்ஃபில்டர்ஸ் மேல் இரட்டை கிளிக் செய்தால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். வரிக்கு ஒரு பெயர். விண்டோஸ் 10, 11-இல் இயல்பாக அங்கே பார்ட்எம்ஜிஆர் மட்டும்தான் இருக்கும். அதற்குக் கீழே ஸ்னாப்மேன் என்று இன்னொரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வரியை மட்டும் அழியுங்கள்; வெற்று வரி மிஞ்சாமல் பார்த்துக்கொண்டு ஓகே கொடுங்கள். லோயர்ஃபில்டர்ஸில் இஹெச்ஸ்டோர்கிளாஸ் என்பது விண்டோஸுடையது, அதைத் தொட வேண்டாம். வால்யூம் கிளையில் வால்ஸ்னாப், எஃப்விஇவால், ஐஓரேட், ஆர்டிஒய்பூஸ்ட் எல்லாம் விண்டோஸுடையவைதான். எஃப்விஇவால் பிட்லாக்கருக்கானது.

வால்ஸ்னாப், ஸ்னாப்மேன் இரண்டும் ஒரே சாயலில் ஒலிக்கின்றன. முதலாவது போனால் விண்டோஸே தள்ளாடும், இரண்டாவது போனால் சுத்தமாகும். எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு அழியுங்கள். எந்த டிரைவர் யாருடையது என்று சந்தேகம் வந்தால் ஃபைலின் பிராப்பர்ட்டீஸில் நிறுவனப் பெயரைப் பாருங்கள். டிஸ்க், வால்யூம் கிளைகளில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் மதிப்புகளை முழுவதுமாக அழிப்பது ஒருபோதும் கூடாது.

டிவிடி டிரைவ் காணாமல் போய்விட்டது. கோட் 39 காட்டுகிறது.

சிடிராம் கிளையில் மட்டும் விதி வேறு. அங்கே அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் இரண்டையும் முழுதாக அழித்து ரீஸ்டார்ட் செய்யலாம். டிரைவ் திரும்பி வந்துவிடும். டிஸ்க் எரிக்கும் மென்பொருள் ஏதாவது இருந்தால் அதை ஒருமுறை மறுபடி நிறுவ வேண்டி வரலாம்.

ஃபைலை ஏற்கெனவே அழித்துவிட்டேன். இப்போது கணினி எழவே இல்லை. வழி உண்டா?

உண்டு. உங்கள் தரவு அப்படியேதான் இருக்கிறது. பதறி விண்டோஸை மறுபடி நிறுவிவிடாதீர்கள்.

இரண்டு மூன்று தடவை எழ முயன்று தோற்றால் விண்டோஸ் தானே மீட்புச் சூழலுக்குள் போகும். போகாவிட்டால் விண்டோஸ் நிறுவும் யுஎஸ்பியிலிருந்து எழுப்பி 'ரிப்பேர்' தேர்ந்தெடுங்கள். முன்பே ரீஸ்டோர் பாயின்ட் இருந்தால் முதலில் அதை முயலுங்கள். இல்லாவிட்டால் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ரெஜ்எடிட் கட்டளையைக் கொடுங்கள்.

இப்போது திறந்திருப்பது மீட்புச் சூழலின் சொந்த ரெஜிஸ்ட்ரி, உங்கள் விண்டோஸுடையது அல்ல. ஹெச்கீ லோக்கல் மெஷினைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் பட்டியலில் லோட் ஹைவ் கொடுங்கள் (ஹைவ் என்பது ரெஜிஸ்ட்ரியின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்திருக்கும் ஃபைல்). உங்கள் விண்டோஸ் டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, கன்ஃபிக் ஃபோல்டரில் உள்ள சிஸ்டம் என்ற ஃபைலைத் திறந்து, ஏதாவது ஒரு பெயர் வையுங்கள். மீட்புச் சூழலில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம். சி என்று நினைத்தது டி ஆக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்றிய ஹைவில் கரன்ட்கன்ட்ரோல்செட் இருக்காது. பலர் இங்கேதான் திகைத்து நின்றுவிடுகிறார்கள். செலக்ட் என்ற கிளையில் கரன்ட் என்ற மதிப்பைப் பாருங்கள். 1 என்றால் கன்ட்ரோல்செட்001 உங்களுக்கு வேண்டியது. அதற்குள் கன்ட்ரோல், கிளாஸ் என்று போய் மேலே சொன்னபடி அந்த ஒரு வரியை மட்டும் எடுங்கள். முடிந்ததும் ஹைவைத் தேர்ந்தெடுத்து அன்லோட் ஹைவ் கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

மெமரி இன்டக்ரிட்டியை இயக்க முடியவில்லை. ஒரு டிரைவரின் பெயரைக் காட்டித் தடுக்கிறது.

விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் பகுதியில் வரும் அறிவிப்பு இது. மெமரி இன்டக்ரிட்டி என்பது தீய நிரல்கள் கெர்னலுக்குள் நுழையாமல் காக்கும் வசதி. அக்ரோனிஸின் பழைய பதிப்புகள் வைக்கும் டிப் டிரைவர் இந்தப் பட்டியலில் அடிக்கடி காணப்படும் பெயர். அந்தப் பாதுகாப்பு வருவதற்கு முன்னால் எழுதப்பட்ட பல டிரைவர்கள் அதன் விதிகளுக்குப் பொருந்தாதவை.

மிச்சமாகத் தங்கிய டிரைவர் என்றால் மேலே சொன்ன வரிசையில் நீக்குங்கள், தீர்ந்தது. நீங்கள் இப்போது நிறுவிய பழைய பதிப்பே கொண்டுவந்த டிரைவர் என்றால், அந்தப் பதிப்பா இந்தப் பாதுகாப்பா என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள். பேக்கப்புக்காகக் கெர்னல் பாதுகாப்பை அணைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டும் ஒரே ஆபத்திலிருந்து உங்களைக் காக்கத்தான் இருக்கின்றன.

கையொப்பச் சோதனையை அணைத்துவிட்டு நிறுவினால் கோட் 52 போய்விடுமா?

அந்த ஒரு முறைக்குப் போகும். ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் 7 அழுத்தி எழுப்பினால் அந்த ஒரு அமர்வுக்கு மட்டும் சோதனை இருக்காது. அடுத்த ரீஸ்டார்ட்டில் சோதனை திரும்பி வரும். அதற்குள் அந்த டிரைவர் டிஸ்க்கின் ஃபில்டர் பட்டியலில் இடம்பிடித்திருந்தால் விண்டோஸ் எழாமலே போகலாம். செய்யாதீர்கள்.

கோட் 52 ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பு முதல், புதிய கெர்னல் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வழியாகவே கையொப்பம் பெற வேண்டும். 2015 ஜூலை 29-க்கு முன் வழங்கப்பட்ட சான்றிதழால் கையொப்பமிட்டவை, பழைய விண்டோஸிலிருந்து மேம்படுத்தப்பட்ட கணினிகள், செக்யூர் பூட் (கணினி எழும்போதே கையொப்பம் பார்க்கும் வசதி) அணைந்த கணினிகள் ஆகியவற்றுக்கு விலக்கு இருந்தது. ஒரே பழைய பதிப்பு ஒருவரின் கணினியில் ஓடி, இன்னொருவரின் கணினியில் ஓடாததற்கு இது ஒரு காரணம்.

இதற்கு நேர்மையான வழி ஒன்று உண்டு: நீங்கள் விரும்பும் பழைய பதிப்பின் கடைசி பில்டை, அதாவது அதே பதிப்பில் கடைசியாகத் திருத்தி வந்த வெளியீட்டை, தேடுங்கள். ஒரே பதிப்பிலும் முதல் பில்டுக்கும் கடைசி பில்டுக்கும் இடையில் டிரைவர்களைத் திருத்தி, மறுபடி கையொப்பமிட்டு வெளியிட்டிருப்பார்கள். தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் கணக்கிலோ, நீங்களே சேமித்து வைத்த இன்ஸ்டாலரிலோ பாருங்கள். யாரோ பதிவேற்றிய இன்ஸ்டாலரைக் கெர்னலுக்குள் விடுவது பெரும் ஆபத்து.

டிரைவர் அப்டேட்டர் மென்பொருள்களோ, சிஸ்டம் ஃபைல் செக்கரோ உதவுமா?

இரண்டும் உதவாது. சிஸ்டம் ஃபைல் செக்கர் விண்டோஸின் சொந்த ஃபைல்களைத்தான் சரி செய்யும். அப்டேட்டர்கள் வன்பொருளின் அடையாள எண்ணை வைத்துத் தேடுபவை. ஃபில்டர் டிரைவருக்கு வன்பொருளே கிடையாது.

டிரைவர் பிழை இல்லை, ஆனால் ஷேடோ காப்பி பிழை வருகிறது.

நிர்வாகி உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து விஎஸ்எஸ்அட்மின் கட்டளையில் லிஸ்ட் ப்ரொவைடர்ஸ் கொடுத்துப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட்டின் பெயரைத் தவிர, நீங்கள் நீக்கிய மென்பொருளின் பெயரும் தெரிந்தால் நீக்கம் முழுமையாகவில்லை. மேலே சொன்ன சுற்று வழியை இதற்கும் கையாளலாம். இரண்டு வெவ்வேறு பேக்கப் மென்பொருள்களை ஒரே கணினியில் வைத்திருப்பதும் இப்படிப்பட்ட மோதல்களுக்கு இடம் கொடுக்கும். ஒன்று போதும்.

பழைய பதிப்பில் உருவாக்கிய மீட்பு யுஎஸ்பியில் டிஸ்க்கே தெரியவில்லை. இதுவும் அதே பிரச்சினையா?

இல்லை. மீட்பு யுஎஸ்பி தனி உலகம், உங்கள் விண்டோஸில் உள்ள டிரைவர்கள் அங்கே இருக்காது. இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பல மடிக்கணினிகளில் என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்குகள், விஎம்டி என்ற இன்டெல் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் பின்னால் இருக்கின்றன. பழைய மீட்புச் சூழலுக்கு அது தெரியாது. கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பதிவிறக்கி, மீட்பு யுஎஸ்பியை உருவாக்கும்போது சேர்த்துவிடுங்கள். பயாஸில் விஎம்டியை அணைக்கச் சொல்லும் அறிவுரையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். நிறுவியுள்ள விண்டோஸ் எழாமல் போகக்கூடும்.

புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்புகளைப் பழைய பதிப்பில் திறக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. ட்ரூ இமேஜ் 2020-இல் பேக்கப் ஃபைலின் வடிவமே டிப் என்பதிலிருந்து டிப்எக்ஸ் ஆக மாறியது. அதற்கு முந்தைய பதிப்புகளுக்கு டிப்எக்ஸ் தெரியாது. புதிய பதிப்பின் மீட்பு யுஎஸ்பி ஒன்றை உருவாக்கி, அந்தப் பேக்கப்புகள் இருக்கும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரிகிறது. எதை வைத்து உறுதி செய்வது?

பிழைச் செய்தி வரவில்லை என்பது உறுதி ஆகாது. முதலில் டிரைவர் ஃபைலின் பதிப்பு நிரலின் பதிப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஈவென்ட் வியூவரில் புதிதாக 7026 விழவில்லையே என்று பாருங்கள். மென்பொருளின் தானியங்கி அப்டேட்டை அணையுங்கள், இல்லாவிட்டால் புதிய பதிப்பு தானே திரும்பி வந்துவிடும்.

பிறகு புதிதாக ஒரு முழு பேக்கப் எடுங்கள். பழைய தொடரின் மேல் இன்க்ரிமென்டலை (மாறியதை மட்டும் எடுக்கும் பேக்கப்) தொடராதீர்கள். எது மாறியது என்று குறித்துக்கொண்டிருந்த டிரைவர் இடையில் இல்லை. அதன் குறிப்பை நம்பி எடுக்கும் பேக்கப்பில் ஓட்டை இருக்கலாம், அந்த ஓட்டை மீட்கும் நாளில்தான் தெரியும். முழு பேக்கப் முடிந்ததும் வெரிஃபை செய்யுங்கள். இமேஜை டிரைவாகத் திறந்து, உள்ளே உள்ள ஒரு படத்தையோ ஆவணத்தையோ வேறு இடத்துக்கு நகலெடுத்துத் திறந்து பாருங்கள். மீட்பு யுஎஸ்பியிலிருந்து கணினியை எழுப்பி, அங்கே உங்கள் டிஸ்க்கும் பேக்கப் ஃபைலும் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். மீட்கும் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. கண்ணில் பட்டால் போதும்.

எவ்வளவு முயன்றும் பழைய பதிப்பின் டிரைவர் இந்த விண்டோஸில் ஏறவில்லை. கைவிட வேண்டியதுதானா?

கோட் 48, 52 என்றால் நிறுவுவதைக் கைவிடுங்கள். ஏஆர்எம் செயலி உள்ள கணினியிலும் அப்படித்தான்: சாதாரண நிரல்களை அது எப்படியோ ஓட்டிவிடும், ஆனால் கெர்னல் டிரைவர் ஏஆர்எம்-க்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால் பழைய பதிப்பையே கைவிட வேண்டும் என்று இல்லை. விண்டோஸில் அதை நிறுவாமல், டிஸ்க்கை அடையாளம் காணும் மீட்பு யுஎஸ்பியிலிருந்து மட்டும் பயன்படுத்தலாம். கணினியை யுஎஸ்பியிலிருந்து எழுப்பி டிஸ்க்கை இமேஜாக எடுக்கும்போது உங்கள் விண்டோஸ் தூங்கிக்கொண்டிருக்கும். திறந்த ஃபைலும் இல்லை, ஃபில்டரும் தேவையில்லை, கையொப்பச் சிக்கலும் இல்லை. பிட்லாக்கர் இருந்தால் டிஸ்க்கைத் திறக்க மீட்பு எண் கேட்கலாம். திறக்காமல் எடுத்தால் பூட்டிய நிலையிலேயே முழு டிஸ்க் அளவுக்கு இமேஜ் வரும். இதில் குறை ஒன்றுதான்: தானாக ஓடாது, நீங்கள்தான் நாள் வைத்து எடுக்க வேண்டும். அன்றாடம் மாறும் ஃபைல்களுக்கு விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரியைத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.